பூண்டுச் சீஸும் கடைசி மாத்திரையும்

முன்னொரு சமயம் கொடைக்கானலில் ஒரு பிரிட்ஜ் இருந்தது. அந்த ஊரில் பிரிட்ஜுக்கு உள்ளே இருக்கும் குளிரும் வெளியே இருக்கும் குளிரும் ஏறக்குறைய ஒன்றுதான். மார்கழியில் வெளியேதான் கூடுதல். ஆனாலும் தான் இல்லாவிட்டால் ஊரே ஊசிப்போய்விடும் என்பதுபோல அது ஓயாமல் உறுமிக்கொண்டிருந்தது.

பிரிட்ஜின் சொந்தக்காரர் சூசைமாணிக்கம். வேலையிலிருந்து ஓய்வு பெற்று, ஓய்விலிருந்து இன்னும் ஓய்வு பெறாதவர். அவருடைய மனைவி ரெஜினா. அந்த வீட்டில் மூன்றாவது ஆள் ஜமீன். ஜமீனுக்கு நிலமும் கிடையாது, வேட்டையும் கிடையாது. அது செம்பட்டை நிறத்தில் ஒரு நாட்டு நாய். குட்டியாக வந்த அன்றே நாற்காலியில் ஏறி உட்கார்ந்து இறங்க மறுத்ததால் சூசைமாணிக்கம் வைத்த பெயர் அது.

பிரிட்ஜின் கதவில், முட்டைக் குழிகளுக்குப் பக்கத்தில், ஒரு மாத்திரை அட்டை குடியிருந்தாள். வெள்ளித் தாள் போர்த்திய உடம்பு. ஒவ்வொரு அறையிலும் ஒரு பிள்ளை. ஜமீனின் வயிற்றுக் கோளாறுக்காக வந்தவள் அவள். மாத்திரைக்குக் குளிர் தேவையில்லைதான். ஆனால் மாத்திரையும் சீஸும் ஒரே இடத்தில் இருந்தால் கைக்கு வசதி என்று ரெஜினா அவளை அங்கே வைத்திருந்தாள்.

மாத்திரைக்கும் சீஸுக்கும் என்ன சம்பந்தம் என்றால், அதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

கிறிஸ்துமஸுக்குப் பெங்களூரிலிருந்து வந்த மகள் ஒரு சீஸ் கொண்டுவந்தாள். கடைகளில் சதுரமாகக் கிடக்கிற கெட்டிச் சீஸ் இல்லை. வட்டமாக, வெள்ளையாக, தொட்டால் அமுங்குகிற மெத்தென்ற சீஸ். மேலே பூஞ்சை படிந்தாற்போல ஒரு தோல் வேறு. அந்தத் தோலோடுதான் சாப்பிட வேண்டுமாம். சூசைமாணிக்கம் ஒரு வாய் வைத்துப் பார்த்தார்.

"மழை பெஞ்ச சுவத்தை நக்கின மாதிரி இருக்கு" என்றார்.

"புள்ள காசு குடுத்து வாங்கியாந்தது. தூக்கிப் போட்டா பாவம்" என்றாள் ரெஜினா.

மகள் ஊருக்குப் போனதும் ரெஜினா அந்தப் பாவத்தில் ஒரு பெரிய துண்டை எடுத்து ஜமீனுக்கு வைத்தாள். பாவம் அவர்களை விட்டுப் போனது. ஜமீனின் வயிற்றுக்குள் போனது. மறுநாள் ஜமீன் வாந்தி எடுத்து, முதுகை வில்லாக வளைத்துக்கொண்டு நின்றது. கால்நடை டாக்டர் பொன்னுராஜ் பார்த்துவிட்டு மாத்திரை எழுதிக் கொடுத்தார். அப்படித்தான் அட்டை அந்த வீட்டுக்கு வந்தாள்.

மாத்திரையை விழுங்க வைப்பது லேசாக இல்லை. வாழைப்பழத்தில் வைத்தால் ஜமீன் பழத்தைத் தின்றுவிட்டு மாத்திரையைத் தரையில் வைத்தது. இட்லியில் வைத்தால் இட்லியையே தொடவில்லை. தொண்டையில் விரலால் தள்ளினால் போய்விட்டதுபோல் பாவனை காட்டி, வாசலுக்குப் போய்த் துப்பிவிட்டு வந்தது. கடைசியில் ரெஜினா மிச்சம் இருந்த சீஸை நெல்லிக்காய் அளவு உருட்டி, நடுவில் மாத்திரையைப் புதைத்துக் கொடுத்தாள். ஒரே விழுங்கு.

அன்றிலிருந்து யாருக்கும் பிடிக்காத அந்தச் சீஸுக்கு அந்த வீட்டில் நிரந்தர உத்தியோகம் கிடைத்தது. தீர்ந்துபோனதும் சூசைமாணிக்கம் ஏரிச் சாலைக் கடைக்குப் போய் அதே ஜாதியில் இன்னொன்று வாங்கிவந்தார்.

அட்டைக்குச் சீஸ்மேல் மரியாதை. தன் பிள்ளைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு போகிறவன் என்று நினைத்தாள். ஒவ்வொரு நாளும் காலையில் ஒரு பிள்ளையைப் பிரிவது அவளுக்கு வருத்தம்தான். ஆனால் ஒரு ஜீவன் பிழைக்கிறதே என்று மனதைத் தேற்றிக்கொண்டாள். ஜீவன்தான் பிழைப்பதாகக் காணோம். அறைகள் காலியாக ஆக, ஜமீனின் விலா எலும்புகள் ஒவ்வொன்றாக வெளியே தெரிந்தன.

பிரிட்ஜ் கதவின் ரப்பர் தளர்ந்து போயிருந்தது. அந்த இடுக்கு வழியாக, கீழே சாக்கில் படுத்திருந்த ஜமீனிடம் அட்டை ஒரு நாள் கேட்டாள்.

"ஜமீனு, வயிறு எப்படிப்பா இருக்கு?"

"வலிக்குது அத்தை."

"எம் புள்ளைக உள்ள வந்து என்னதான் பண்றாங்க?"

"யாரு?"

"மாத்திரைகப்பா. தினம் ஒருத்தன் வர்றானே."

ஜமீன் யோசித்தது. "அப்படி யாரும் வந்த மாதிரி தெரியலையே. சீஸுதான் வரும். வயித்து வலின்னா சீஸு தர்றாங்க. நல்ல வியாதி அத்தை. முன்னாடியே வந்திருக்கலாம்."

தூக்குச் சட்டியில் இருந்த தயிர் இதைக் கேட்டுவிட்டுக் குலுங்கியது. தயிருக்குச் சீஸைக் கண்டால் ஆகாது. பால் வழிச் சொந்தத்தில் ஒருத்தன் மட்டும் வசதியாகிவிட்டால் வரும் கோபம் அது.

"கேட்டுக்கம்மா. செத்தது உம் புள்ள, பேரு எவனுக்கோ" என்றது தயிர்.

ஜமீனுக்கு வாந்தி நிற்காததால் டாக்டரிடம் மறுபடியும் போனார்கள். எந்த மாத்திரை என்று காட்டுவதற்காக ரெஜினா அட்டையையும் பையில் போட்டுக்கொண்டாள். அப்படித்தான் அட்டை அந்தப் பேச்சைக் கேட்க நேர்ந்தது.

டாக்டர் ஜமீனின் வயிற்றை அமுக்கினார். அது முனகியது.

"கணையம் வீங்கியிருக்கும்மா. கொழுப்பு ஒரு துளி உள்ள போகக் கூடாதுன்னு சொன்னேனே. என்ன சாப்பாடு குடுக்குறீங்க?"

"வெறும் சோறு, கேரட்டு. அவ்வளவுதான் சார். எண்ணெய் பட்ட கரண்டியக்கூட அவன் சோத்துல வைக்கிறதில்ல."

"கறி, நெய், பாலு?"

"கறிய நாங்களே நிறுத்திட்டோம் சார்" என்றார் சூசைமாணிக்கம். "அவன் பாக்க நாம திங்கக் கூடாதுன்னு." அதைச் சொல்லும்போது அவர் குரல் லேசாக நடுங்கியது. அது ஜமீனுக்காகவா கறிக்காகவா என்று தெரியவில்லை.

"மாத்திரை?"

"ஒரு நாள் தவறினதில்ல" என்றாள் ரெஜினா.

டாக்டர் அட்டையை வாங்கித் திருப்பிப் பார்த்தார். "அப்படின்னா ஒரு வேளை பத்தல. காலையும் சாயங்காலமும் குடுங்க. ஜாக்கிரதைம்மா. இன்னொரு தடவ இந்த மாதிரி வந்தா நாய் தாங்காது."

அவர் கையிலிருந்த அட்டைக்கு எல்லாம் கேட்டது. அவள் பேச்சுத்தான் மனிதர் காதுக்குக் கேட்காது.

ரெஜினா பொய் சொன்னாள் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. வாரம் தவறாமல் கோயிலுக்குப் போகிறவள். தேனில் சூரணத்தைக் குழைத்துச் சாப்பிட்டவனை என்ன சாப்பிட்டாய் என்று கேட்டால் தேன் சாப்பிட்டேன் என்றா சொல்வான்? சீஸ் ஜமீனின் சாப்பாட்டுக் கணக்கில் இல்லை. மருந்துக் கணக்கில் இருந்தது. அதனால் அன்று சாயங்காலத்திலிருந்து மருந்து இரண்டு வேளை ஆனது. சீஸும் இரண்டு வேளை ஆனது.

பிரிட்ஜுக்குத் திரும்பி வந்ததும் அட்டை நேரே சீஸைப் பிடித்தாள்.

"நீ கொழுப்பாய்யா?"

சீஸ் கோபப்படவில்லை. அவனுக்குக் கோபமே வராது. "கொழுப்புன்னு சொல்லாதீங்கம்மா. கொஞ்சம் செழிப்பான உடம்பு."

"அந்த நாய்க்கு வியாதி உன்னாலதானா?"

"நான் விஷம் ஒண்ணும் இல்லையே. நகக்கண் அளவு எடுத்து எப்பவாச்சும் ஒரு நாள் நாக்குல தடவினா நல்லா இருக்கிற நாய்க்கு ஒண்ணும் ஆகாது. நெல்லிக்காய் கணக்கா உருட்டித் தினம் ரெண்டு வேளை குடுங்கன்னு நானா சொன்னேன்? அதுவும் வயிறு கெட்டுக் கிடக்கிற நாய்க்கு? நான் சும்மா மெத்துனு உக்காந்திருந்தேன்."

"எம் புள்ளைகள அனுப்பிச் சரி பண்ணச் சொல்லிட்டு, கூடவே நீயும் போய்க் கெடுத்துட்டு வர்றியே. இது நியாயமா?"

"கொஞ்சம் நிதானமா யோசிங்கம்மா" என்றான் சீஸ், தேன் தடவிய குரலில். "நான் இல்லேன்னா அவனுக்கு வியாதி இல்ல. வியாதி இல்லேன்னா உங்களை யாரு வாங்கப் போறா? சரி, வாங்கியாச்சு. நான் இல்லேன்னா உங்க புள்ளைகள யாரு விழுங்கப் போறா? ரெண்டு வழியிலயும் உங்க பொழப்பு என் கையில. நான் என்னைக்காச்சும் சொல்லிக் காட்டியிருக்கேனா?"

பதில் இல்லாத பேச்சைத்தான் உலகத்தில் மென்மையாகப் பேசுகிறார்கள்.

"பேச்சப் பாரு. கையில ஒட்டுற மாதிரியே பேசுறான்" என்றது தயிர்.

பிரிட்ஜ் ஒரு தரம் உறுமி நிறுத்தியது. "இங்கே எல்லோரும் சமம். என் வேலை குளிர வைப்பது. நான் யார் பக்கமும் இல்லை."

"அதான் தெரியுதே" என்றது தயிர்.

இரண்டு வேளைக் கணக்கில் பிள்ளைகள் மளமளவென்று போனார்கள். ஜமீன் சாக்கை விட்டு எழுந்திருப்பதே குறைந்தது. சோற்றைப் பார்க்காது. கேரட்டைப் பார்க்காது. பிரிட்ஜ் கதவு திறக்கும் சத்தத்துக்கு மட்டும் தலையைத் தூக்கும்.

"பாத்தீங்களா, சீஸுதான் அவன் உசுரப் பிடிச்சு வச்சிருக்கு" என்றாள் ரெஜினா.

சூசைமாணிக்கம் ஜமீனின் வயிற்றில் காதை வைத்துக் கேட்டார். உள்ளே கடமுடவென்று சத்தம். "இது வாயுக் கோளாறும்மா. டாக்டருக்குத் தெரியல. வாயுவுக்குப் பூண்டுதான்."

"பூண்ட அவன் எப்படித் திம்பான்?"

சூசைமாணிக்கம் சிரித்தார். அறிவாளி ஒருவர் தன் வாழ்நாளில் இரண்டு மூன்று தடவை சிரிக்கும் சிரிப்பு அது. அன்று சாயங்காலம் ஏரிச் சாலைக் கடையிலிருந்து ஒரு புதுச் சீஸ் வந்தது. அதே மெத்துமெத்து. ஆனால் உள்ளே மலைப்பூண்டும் பச்சை இலைகளும் அரைத்துக் கலந்திருந்தார்கள்.

பூண்டுச் சீஸ் வரும்போதே ஊர்ப் பெருமை பேசிக்கொண்டு வந்தது. "நான் சாதாரண சீஸ் இல்லை. மருந்துச் சீஸ். என் பூண்டு விளைந்த மண் தெரியுமா?"

பழைய சீஸ் ஒதுங்கி இடம் விட்டான். "வாங்க, வாங்க. நான் வயித்தைப் பாத்துக்கிட்டேன். மிச்சத்தை நீங்க பாத்துக்கங்க."

கீழ்த் தட்டில், பாதி நறுக்கிக் கவிழ்த்து வைத்திருந்த ஒரு வெங்காயம் அப்போதுதான் வாயைத் திறந்தது.

"ஒரு விஷயம் சொல்லலாமா? பூண்டும் நானும் ஒரே குடும்பம். மனுஷனுக்கு நாங்க நல்லவங்க. நாய்க்குள்ள போனா ரத்தத்தைக் கெடுத்துருவோம். எங்க குடும்பத்துக்கே உள்ள குணம் அது."

"இதை ஏன் இத்தனை நாளாச் சொல்லல?" என்றாள் அட்டை.

"யாரும் கேக்கலையே. நமக்கு எதுக்கு வம்புன்னு இருந்தேன். பாதி உடம்போட இருக்கேன், நீங்களே பாக்குறீங்கள்ல."

அட்டையிடம் அப்போது ஒரே ஒரு பிள்ளைதான் மிச்சம். கடைக்குட்டி. அண்ணன்மார் போன பாதையில் தானும் போய் ஒரு நாயைக் காப்பாற்றப்போகிறோம் என்று காத்துக்கொண்டிருந்தவன்.

"நாளைக்குக் காலையில என் முறைதானம்மா?" என்றான்.

"ஆமா."

"நான் போனதும் ஜமீன் எந்திரிச்சிருவானா?"

அட்டை அவனிடம் மறைக்கவில்லை. சீஸ் சொன்னதையும் டாக்டர் சொன்னதையும் வெங்காயம் சொன்னதையும் அப்படியே சொன்னாள். "நீ உள்ள போனா அவன் செத்துருவான். உன்னால இல்ல. உன்னைத் தூக்கிட்டுப் போறவனால."

"நான் போகாம இருந்தா?"

"அது நம்ம கையில இல்லைப்பா. பிதுக்கினா நீ வெளிய வந்துதான் ஆகணும்."

கடைக்குட்டி குனிந்து தன் உடம்பைப் பார்த்துக்கொண்டான். பிறகு கேட்டான். "என் மேல வழவழன்னு ஒரு சட்டை போட்டிருக்கே, இது எதுக்கும்மா?"

"உன் கசப்பு வெளிய தெரியாம இருக்க."

"அண்ணங்க எல்லாரும் இதைப் போட்டுக்கிட்டேதான் போனாங்களா?"

"ஆமா. வயித்துக்குள்ள போய்த்தான் கழட்டணும். அதுதான் நம்ம மரபு."

"முன்னாடியே கழட்டினா?"

அட்டைக்குப் புரிந்தது. புரிந்ததும் அவள் வெள்ளித் தாள் சரசரத்தது. "துப்பிருவான்ப்பா. நீ யாருக்கும் உதவாம தரையில கரைஞ்சு கிடப்ப. தொடைச்சு சாக்கடையில ஊத்துவாங்க. மாத்திரையாப் பொறந்தவனுக்கு அதைவிடக் கேவலம் கிடையாது."

"அண்ணங்கல்லாம் மரியாதையாத்தானே போனாங்க. என்ன ஆச்சு?" என்றான் கடைக்குட்டி.

மறுநாள் காலையில் ரெஜினா அட்டையைப் பிதுக்கினாள். கடைக்குட்டி அவள் உள்ளங்கையில் விழுந்தான். பூண்டுச் சீஸை வழக்கத்தைவிடப் பெரிதாக, எலுமிச்சம்பழம் அளவுக்கு உருட்டினாள். புது மருந்து, தாராளமாக இருக்கட்டும் என்று. நடுவில் அவனைப் புதைத்து மூடினாள். அந்த நேரத்தில் போன் அடித்தது. பெங்களூர் மகள். உருண்டையை ஒரு சாசரில் வைத்து, இளஞ்சூடாக இருந்த அடுப்பு மேடையில் வைத்துவிட்டு, காலி அட்டையையும் பக்கத்தில் போட்டுவிட்டுப் போனாள். மகளின் மாமியாரைப் பற்றிய பேச்சு. சீக்கிரம் முடிகிற பேச்சு இல்லை.

சீஸ் இளகியது. உருண்டைக்குள்ளிருந்து பேச்சுக் குரல் அட்டைக்குக் கேட்டது.

"ஏய், என்னமோ கசக்குது" என்றது பூண்டுச் சீஸ்.

"நான்தான்" என்றான் கடைக்குட்டி.

"சட்டையைப் போடு. என் பக்கமெல்லாம் பரவுது."

"உன் ஈரத்துலதான் கழண்டுச்சு. நீதானே மெத்துனு இருக்கே."

"என் சுவை என்ன, என் மணம் என்ன? மரியாதை தெரியாத பயல். உன்னை மறைக்கத்தானே என்னை வாங்கினார்கள்?"

"ஆமா. இத்தனை நாளா நீங்க எங்களை மறைச்சீங்க. இன்னைக்கு ஒரு நாள் மறைக்கல."

அதன்பிறகு அவன் குரல் மெலிந்துகொண்டே போய், இல்லாமல் போனது. அட்டை தன் காலி அறைகளோடு அந்த உருண்டையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ரெஜினா வந்து உருண்டையை நீட்டினாள். ஜமீன் தலையைத் தூக்கி, வழக்கம்போல வாயைத் திறந்து, வழக்கம்போலக் கவ்வியது. அதன் முகம் மாறியது. காதுகள் பின்னால் போயின. நாக்கை வெளியே தள்ளித் தள்ளி முழுவதையும் தரையில் துப்பியது. நுரை தள்ளியது. பிறகு ரெஜினாவை ஒரு பார்வை பார்த்தது. ஏழு வருஷம் வால் ஆட்டிய நாய் பார்க்கக் கூடாத பார்வை. தள்ளாடி எழுந்து, முற்றத்துக்குப் போய், வாளியில் தண்ணீரைக் குடித்துவிட்டு வெயிலில் படுத்தது.

ரெஜினா தரையைத் துடைத்தாள். கடைக்குட்டி அழுக்குத் தண்ணீரோடு சாக்கடைக்குப் போனான்.

சாயங்காலம் புதுசாக ஒரு உருண்டை நீட்டினாள். ஜமீன் முகத்தைத் திருப்பிக்கொண்டது. மறுநாள் பழைய சீஸை நீட்டினாள். அதற்கும் திருப்பிக்கொண்டது. சீஸ் என்றால் கசப்பு என்று அதன் நாக்கு முடிவு செய்துவிட்டது. மாத்திரையும் தீர்ந்திருந்தது. வேறு வழியில்லாமல் ஜமீன் பட்டினி கிடந்தது. பிறகு சோற்றுக் கஞ்சியை நக்கியது. பிறகு கேரட்டைத் தின்றது. சில நாளில் விலா எலும்புகள் உள்ளே போயின. ஒரு காலையில் நாற்காலியில் ஏறி உட்கார்ந்து இறங்க மறுத்தது.

சூசைமாணிக்கத்துக்குத் தாங்க முடியாத பெருமை. "வாயில பட்டதுக்கே இப்படிக் கேட்டிருக்கு பாரு. மலைப்பூண்டுன்னா சும்மாவா?"

பிரிட்ஜுக்குள் பூண்டுச் சீஸ் அடக்கமாக இருமியது. "நான் என்ன செய்தேன், எல்லாம் மண்ணின் குணம்."

அதைக் கேட்ட தயிர் புளித்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் ரெஜினா சொன்னாள்: "புள்ள செத்துப் பொழைச்சிருக்கான். வாய்க்கு ருசியா ஏதாச்சும் குடுக்கணுங்க." சூசைமாணிக்கம் போய் அந்தக் கடையிலேயே பெரிய பூண்டுச் சீஸாகப் பார்த்து வாங்கிவந்தார். ஒரு கட்டியை வெட்டி, தட்டில் வைத்து, ஜமீனின் முன்னால் வைத்தார்கள்.

ஜமீன் முகர்ந்தது. நாற்காலியிலிருந்து இறங்கி, தட்டைச் சுற்றிக்கொண்டு வெளியே போய்விட்டது.

இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"என்னங்க, சீஸையே வேண்டாங்குறான்."

"நானும் அதான் பாக்குறேன்."

"சாகக் கிடந்தப்பகூட சீஸுக்குத் தலையத் தூக்கினான். இப்ப மோந்து பாத்துட்டுப் போறான்னா, உள்ளுக்குள்ள என்னமோ இருக்குங்க. திரும்பி வந்திருச்சு."

"டாக்டர்கிட்டப் போவோமா?"

"அவரு என்ன புதுசாச் சொல்லப் போறாரு. அந்த மாத்திரையவே வாங்கியாந்துருங்க."

"சீஸுதான் ஆகலையே. எதுல வச்சுக் குடுக்கிறது?"

ரெஜினா கொஞ்சம் யோசித்தாள். "நெய்யில முக்கிக் குடுத்துப் பாப்போம்."

கடையில் காட்டுவதற்காகக் காலி அட்டையைத் தூக்கி எறியாமல் வைத்திருந்தார்கள். சூசைமாணிக்கம் அவளைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மருந்துக்கடைக்குப் போனார். திரும்பி வந்து, பழைய அட்டையையும் புது அட்டையையும் சேர்த்தே பிரிட்ஜ் கதவில் வைத்து மூடினார். மேல் தட்டில் நெய் ஜாடி ஒன்று புதிதாக வந்து உட்கார்ந்திருந்தது.

புது அட்டை பளபளவென்றிருந்தாள். அறை நிறையப் பிள்ளைகள். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, பக்கத்தில் இருந்த காலி அட்டையிடம் மரியாதையாகக் கேட்டாள்.

"அக்கா, அந்த நாய்க்கு இப்ப என்ன வியாதி?"

"குணமாயிட்டான்" என்றாள் அவள். "அதுக்குத்தான் உங்களைக் கூட்டிட்டு வந்திருக்காங்க."